கூட்டமில்லாத கடல்

ஒரு கடற்கரையில் கூட்டமில்லை என்பதை அந்த ஊரின் குணமாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். யார் இல்லாமற்போனதால் அது அமைதியாயிருக்கிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. தாய்லாந்தின் அந்தமான் கரையில், தக்குவா பா பக்கம் நான்கு நாட்கள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. (விடுப்புக் கேட்டபோது 'அங்கே என்ன இருக்கிறது?' என்றார் மேலாளர். 'ஒன்றுமில்லை' என்று சொன்னதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.)

பழைய கடைத்தெரு கடலைவிட்டு உள்ளே தள்ளி, ஆற்றோரமாக இருக்கிறது. முன்புறம் வளைவுகள் வைத்துச் சீனர்கள் கட்டிய நீள வீடுகள். பல கதவுகள் திறப்பதில்லை. காரை உதிர்ந்த சுவர்களில் மாலை வெயில் விழுவதை நெடுநேரம் நின்று பார்த்தேன். வெள்ளீயம் தோண்டிய பணத்தில் எழுந்த தெரு அது. 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. சுரங்கத் தொழில் படுத்தது. ஆக, நான் ரசித்தது ஒரு திவாலை. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கரையிலுள்ள பான் நாம் கெம்மும் வெள்ளீயத்தை நம்பி வந்தவர்கள் குடியேறிய இடம். பிறகு மீன்பிடிக் கிராமம். 2004 டிசம்பர் 26-இல் கடல் அதை வழித்துக்கொண்டு போயிற்று. அலைபோல் வளைந்த சுவர் ஒன்றை நினைவிடமாக எழுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் நல்ல அமைதி. அந்த வார்த்தையை அங்கே நினைக்கவே எனக்குக் கூசியது.

தக்குவா பா அருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைக் காட்டிக் கடல் கடந்த பெருமை பேசுவது நம்மவர் வழக்கம். எனக்கு அதில் அக்கறையில்லை. வணிகர்கள் லாபத்துக்காகத்தான் போனார்கள். சிதைந்த அந்தக் கல் சொல்வது இவ்வளவுதான்: ஒரு குளம், அவனிநாரணம் என்று அதற்கொரு பெயர், மணிக்கிராமத்தார் முதலியோருக்கு அது அடைக்கலம். 'அடைக்கலம்' என்ற சொல்லில்தான் நான் தடுக்கி நின்றேன். தங்கின இடத்தில் தண்ணீர் வேண்டியிருந்தது, வெட்டினார்கள். தாங்கள் போன பிறகும் யாராவது காக்க வேண்டும், யாராவது வந்து குடிப்பார்கள் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருப்பதாகவே படிக்கிறேன். நானோ நான்கு நாட்களும் அடுத்தவன் வந்துவிடக் கூடாதே என்றிருந்தேன். வெறும் அழகுணர்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஊர் இன்னும் கொஞ்சம் ஏழையாகவே இருக்கட்டும் என்பதுதான் அந்த ஆசையின் நேரான பொருள். ஊர் நிரம்பினால் அந்தத் தெரு பிழைக்காது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கவலையைப் படும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

கிளம்புகிற அன்று காலை, காப்பிக் கடைக்கார அம்மாள் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில், ஊரில் எல்லோரிடமும் சொல்லி அனுப்பு என்றாள். தலையாட்டினேன். முந்நூறு பிரதி போகிற பத்திரிகையில் இதை எழுதுகிறபோது, அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா, ஏய்க்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.