இருபதின் அளவுகோலும் எண்பதின் பாட்டும்

ஒருவர் தம் இளமையில் ஆற்றிய அரும்பணியே முதுமையில் அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்படுவது நீதியாகுமா? மேலைநாட்டு ராக் இசையுலகில் 2023-ஆம் ஆண்டு எழுந்த ஒரு விவாதம் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1962-இல் இலண்டனில் தோன்றிய 'ரோலிங் ஸ்டோன்ஸ்' இசைக்குழு, 2023 அக்டோபர் 20 அன்று 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. தாங்களே இயற்றிய புதிய பாடல்களை அவர்கள் தொகுப்பாக அளித்து அப்போது 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. பாடகர் மிக் ஜாகருக்கு அகவை 80. கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் இரு திங்களில் அதே அகவையை எட்டவிருந்தார். டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் 2021-இல் மறைந்துவிட்டார். இறப்பதற்கு முன் அவர் வாசித்துப் பதிவு செய்தவை இரண்டு பாடல்களில் இடம்பெற்றன.

கேட்டோர் கருத்துகள் பல திறத்தன. 1981-க்குப் பின் இவர்கள் தந்தவற்றுள் இதுவே சிறந்தது என மகிழ்ந்தோர் பலர். பழைய உயரத்தை இது எட்டவில்லை என்றனர் வேறு சிலர். 'இந்த வயதிலும் இப்படியா!' என வியந்தோரும் உண்டு. குழு தோன்றி 28 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட், ஒலியை அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டார் என்று குறைபட்டோரும் உண்டு.

முதலில், பழைய உயரத்தைக் காட்டிக் குறை கூறுவோரை எண்ணிப் பார்ப்போம். இருபது வயதில் கேட்ட பாட்டோடு நம் வாழ்வே பின்னிக் கிடக்கிறது. நண்பர்கள், காதல், இழப்பு, பிரிவு ஆகிய யாவும் அதனுள் ஒலிக்கின்றன. நேற்றுக் கேட்ட பாட்டுக்கோ அத்தகைய துணை எதுவுமில்லை. ஆகவே, இரு தொகுப்புகளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு நினைவோடு ஒருநாள் அனுபவத்தை நிறுக்கிறோம். மேலும், இன்று இக்குழுவின் சிகரமெனப் போற்றப்படும் 1972-ஆம் ஆண்டின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' வெளிவந்தபோது ஒருமித்த பாராட்டைப் பெறவில்லை. குழப்பமானது, தெளிவற்றது என்று அன்று ஒதுக்கியவர்கள் இருந்தனர். காலம் செல்லச் செல்லவே அதன் அருமை புலப்பட்டது. அன்று அதற்குக் கிடைத்த பொறுமையை இன்றைய படைப்புக்கு மறுப்பது எவ்வாறு முறையாகும்?

எனினும், இதனினும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு. அது பாராட்டின் வேடத்தில் வருகிறது. 'இந்த வயதிலும்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். அது பாட்டைப் புகழவில்லை. பாடுகிறவர் இன்னும் உயிரோடிருப்பதைப் புகழ்கிறது. குழந்தையின் கிறுக்கலைக் கண்டு கைதட்டுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஒரு முதியவரின் பாட்டு நன்றாக இல்லையெனில், நன்றாக இல்லை என்று சொல்வதே அவரை இன்னும் உழைக்கும் கலைஞராக மதிப்பதாகும். கடிந்துரைத்தவர் முழுவதும் கேட்டபின் அதைச் செய்திருந்தால், கேளாமலே புகழ்ந்தவரைவிட அவரே அக்கலைஞருக்கு நெருங்கியவர்.

மெருகு பற்றிய குறைபாட்டிலும் ஓர் உண்மை உள்ளது. முதுமைக்கென்று ஒரு குரல் உண்டு. அதை மறைத்து இளமை வேடம் புனைவதை விரும்பாத செவிகள் நேர்மையான செவிகளே. அத்தகையோர் பலருக்கும் மனநிறைவு தந்தது தொகுப்பின் இறுதிப் பாடல். மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பின ப்ளூஸ் மேதை 1950-இல் பதிவு செய்த பாடல் அது. குழு தன் பெயரைப் பெற்றதும் அதிலிருந்தே. அதில் ஜாகரின் குரலும் மவுத் ஆர்கனும், ரிச்சர்ட்ஸின் கிதாரும் மட்டுமே ஒலிக்கின்றன. சிறுவர்களாக அறிமுகமான இருவர், தங்களை ஒன்றுசேர்த்த இசைக்கே எண்பதின் வாயிலில் திரும்பி வருகின்றனர். அங்கே இளமையோடு போட்டியில்லை.

இந்த விவாதம் இசைத்தட்டோடு முடிவதன்று. நம் இல்லங்களிலும் முதியோர் பேசுகின்றனர். 'அந்நாளில் எப்படி இருந்தவர்!' என்று பெருமூச்செறிகிறோம். அல்லது 'பாவம், இந்த வயதிலும் பேசுகிறாரே' என்று புன்னகைக்கிறோம். இரண்டிலும் அவர் இன்று சொன்னது என்ன என்பதை நாம் கேட்கவில்லை. அவர் கூறுவது தவறாயின் மறுத்துரைப்போம், சரியாயின் ஏற்போம். முதலில், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.