மிளகு கட்டிய மடம்

அழகான ஒரு பொருளைப் பார்க்கும்போது, 'இது யார் காசில் வந்தது?' என்று கேட்பது அநாகரிகமா, கேட்காமல் இருப்பது அநாகரிகமா? விருந்துக்குப் போன இடத்தில் இலையில் விழுந்த சோற்றுக்குக் கணக்குக் கேட்பவனை உலகம் விரும்புவதில்லை. ஆனால், அந்த நெல் அடுத்தவன் களத்திலிருந்து வாரி வந்தது என்று தெரிந்த பிறகும் வயிறாரச் சாப்பிட்டுத் தாம்பூலம் தரித்துக்கொள்கிறவனிடம் எனக்கு மதிப்பு உண்டாவதில்லை.

அண்மையில் இந்தக் கேள்வி அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டில், ஒரு மூன்று நாள் பயணத் திட்டத்தின் வடிவில் முளைத்தது. நண்பர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பூவிருந்தவல்லியில் சரித்திர ஆசிரியையாக இருந்தவர். ஜெர்மனியிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார்கள். போகிற போக்கில் மூன்று நாள் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனையும் பார்த்துவிட வேண்டுமென்று ஆசை. விசா, இன்ஷூரன்ஸ், ஹோட்டல் எல்லாம் நண்பர் பொறுப்பு. எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பது அம்மையார் பொறுப்பு. அவர் எழுதிய தாளில், அந்த ஊருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் ஜெரோனிமோஸ் மடத்தின் பெயரே இல்லை!

"அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வருவதா? நீங்களே சொல்லுங்கள், சார்" என்று நண்பர் என்னிடம் முறையிட்டார்.

"கப்பலோடு ஜனங்களைக் கொளுத்தினவன் சமாதிக்கு நான் எதுக்குங்க போகணும்?" என்றார் அம்மையார்.

அவர் சொன்னது மெய். 1502-இல் இரண்டாம் முறையாக வந்த வாஸ்கோ ட காமா, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றை மலையாளக் கரையருகே மறித்துச் சூறையாடி, அதிலிருந்த நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தான். தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதை, அந்தப் பயணத்தில் வந்த தோமே லோபெஸ் என்பவரே எழுதி வைத்திருக்கிறார். 1524-இல் கொச்சியில் இறந்தவனுடைய எலும்புகள் பிற்பாடு தாய்நாட்டுக்குப் போய், 1880-இல் இந்த மடத்துக்கு மரியாதையோடு வந்து சேர்ந்தன. மடமும் இலேசுப்பட்டதல்ல. மனுவேல் மன்னர் தொடங்கி, ஏறக்குறைய நூறு ஆண்டு கட்டியது. கீழ்த்திசையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த சரக்குக்கு இருபதில் ஒரு பங்கு வரி. மிளகின் பெயராலேயே அந்த வரியைச் சொல்வார்கள். அந்தப் பணந்தான் கல்லாயிற்று. கப்பற் கயிற்றைக்கூடக் கல்லில் முறுக்கிக் காட்டிய தச்சர்கள் அவர்கள். 1755 நிலநடுக்கத்தில் லிஸ்பன் பாழானபோதும் மடம் நின்றது.

அம்மையாரின் கட்சி நியாயமானது. ஆனால் அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு லிஸ்பன் வரை போவானேன்? திருமுல்லைவாயில் வரை போனால் போதாதா? மாசிலாமணி ஈசுவரர் சந்நிதிக்கு முன்னே இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. தொண்டைமான் குறும்பர்களை வென்று, அவர்களுடைய கோட்டையிலிருந்து கொண்டு வந்தவை என்கிறது தலபுராணம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். சேரரையும் பாண்டியரையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து இராசராசன் கொடுத்தவற்றைக் கல்வெட்டு ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது.

"அது சாமிக்குங்க" என்றார் அம்மையார்.

"அவர்களும் சாமிக்குத்தான் கட்டினார்கள்" என்றேன்.

நண்பர் தாம் ஜெயித்துவிட்டதாகச் சிரித்தார். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. குறும்பர் சார்பில் வழக்காட இன்று ஒருவரும் இல்லை. ஆகவே தூண் நமக்கு வெறும் தூணாகத் தெரிகிறது. களவு பழையதாகிக் கலையாவதற்கு இத்தனை ஆண்டு என்று கெடு ஏதுமில்லை. கேட்க ஆளில்லாமற் போகிற அன்றைக்கே அது ஆகிவிடுகிறது. லிஸ்பன் மடத்தைப் பொறுத்தவரை கேட்க இன்னும் ஆள் இருக்கிறது. பூவிருந்தவல்லியில் பாடம் சொன்ன இந்த அம்மையார் இருக்கிறாரே! அவரைப் போன்றவர்கள் ஒதுங்கிவிட்டால், அந்தக் கப்பலைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் மட்டுமே அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். எரிந்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

மற்றொரு செய்தியும் சொன்னேன். 1554-இல் லிஸ்பனில் ஒரு வேதபாடப் புத்தகம் அச்சாயிற்று. தமிழ் வார்த்தைகளை ரோமன் எழுத்தில் கோத்த புத்தகம். தமிழறிந்த இந்தியக் கிறிஸ்தவர் மூவர் அதற்கு உழைத்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578-இல். அந்த லிஸ்பன் புத்தகத்தின் பிரதி போர்ச்சுகலின் தேசியத் தொல்பொருட் காட்சிசாலையைச் சேர்ந்தது. அந்தக் காட்சிசாலை எங்கே இருக்கிறது தெரியுமா? இதே ஜெரோனிமோஸ் மடத்தின் மேற்குப் பகுதியில்! காமாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே நம் பாஷையும் இருந்து வந்திருக்கிறது. 2022-இல் சீரமைப்புக்காக அதை மூடினார்கள். திறந்தாயிற்றா, புத்தகத்தைக் காட்டுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கும்படி நண்பரிடம் சொன்னேன்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்து, இரண்டாம் நாள் காலைக்கு எதிரே மடத்தின் பெயரை எழுதினார்.

"சமாதிப் பக்கம் மட்டும் நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா பார்த்துட்டு வாங்க. நான் முற்றத்திலே நிற்கிறேன்" என்றார்.

அந்த முற்றமும் மிளகுப் பணந்தான். எனக்குத் தெரியும், சரித்திர ஆசிரியைக்கும் தெரியாமலிராது. நண்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் நாளுக்கு ரெயில் நேரம் பார்க்கத் தொடங்கினார்.