பார்க் பெஞ்சில் ஒரு பிஹெச்.டி.

பார்க், பொழுதுபோக்கு, ஓய்வு... இதுக்கெல்லாமா பிஹெச்.டி. என்று சிரிக்கிறீர்கள்தானே? அமெரிக்காவின் சவுத் கரோலினா மாநிலத்தில் உள்ள க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே இருக்கிறது. மரத்தடி பெஞ்சில் உட்காருவதில் ஆராய்ச்சி பண்ண அப்படி என்னதான் இருக்கு?

அதே மாநிலத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். அரசுப் பூங்காக்களில் தங்களையும் சமமாக அனுமதிக்க வேண்டும் என்று கறுப்பினத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1963-ல் ஜெயித்தார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? மாநிலப் பூங்காக்கள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியது! வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் பூட்டு. அடுத்த வருஷம் திறந்தபோதுகூட நீச்சலுக்குத் தடை.

இத்தனைக்கும், அங்கே வசதியான வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்ததும், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்ததும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அடுப்படியில் நிற்கலாம், பெஞ்சில் பக்கத்தில் உட்காரக் கூடாது!

ஏன்? வேலை நேரத்தில் ஒருவர் எஜமானர், இன்னொருவர் வேலையாள். கணக்கு தெளிவாக இருக்கிறது. பார்க்கில் ரெண்டு பேரும் வெறும் மனுஷங்க. அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதை ஆராய ஒரு டாக்டர் பட்டம் போதுமா என்பதுதான் இப்போது என் சந்தேகம்.

சிரிப்பு போகட்டும். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவை 'எங்க வீட்டு மனுஷி மாதிரி' என்கிறீர்கள். சந்தோஷம். வேலை முடிந்ததும் அவர் உங்கள் சோபாவில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சீரியல் பார்த்துவிட்டுப் போனால்...?

பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.