தேய்ந்த தரைக்கு யார் பொறுப்பு?

களுதாவளையில் கட்டடம் மணலின்மேல்தான் எழுகிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய நிலம். சற்றுத் தோண்டினாலே தண்ணீர். அங்கே வீதியோரக் கட்டடமொன்றை வாடகைக்கு எடுத்து அலுவலகம் நடத்தியவர் அதைவிட்டு வெளியேறுகிறார். “தரை பழுதாகிவிட்டது, திருத்தச் செலவை முற்பணத்தில் கழிக்கிறேன்” என்கிறார் உரிமையாளர். கழிக்கலாமா என்பதற்கு விடை காணுமுன், பழுது எவ்வகையானது என்று கேட்க வேண்டும்.

இலங்கையில் வாடகை உறவின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். இடத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுப்பது வாடகைக்காரரின் கடமை. நியாயமான தேய்வு அதற்கு விலக்கு. கதிரைச் சில்லுகள் ஓடி மெருகு மங்குவதும், வாசலருகே சீமெந்து மழுங்குவதும் தேய்வு. இரும்பு அலுமாரியை இழுத்து மாபிளைப் பிளப்பது சேதம். தேய்வுக்கான ஈட்டை மாதவாடகையே கொடுத்துவிட்டது; அதை மீண்டும் கேட்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கேட்பதாகும்.

தேய்வும் சேதமும் அல்லாத மூன்றாவது வகை ஒன்றுண்டு. இக்கரையோரத்துப் பிணக்குகளில் அதையே ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. வெற்றிலைத் தோட்டங்களை வளர்க்கும் அதே நிலத்தடி நீர், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மேலெழுகிறது. தரைக்கடியில் ஈரத்தடுப்பு இடப்படாவிட்டால் ஈரம் கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே ஏறும். உடன் வரும் உப்பு, நீர் உலர்ந்ததும் படிகமாகி விரியும். சாந்தின் பிடி தளரும். மாபிள் மெல்ல எழும்பும். மேசன் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றொலி கேட்கும். இணைப்புகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். அலுமாரிக்கு அடியில், எவர் காலும் படாத மூலையிலும் அதே பழுது இருக்குமானால் காரணம் நடந்தவரல்ல, கட்டிய முறை. உரிய பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையில் இடத்தைப் பேணுவது உரிமையாளரின் கடமை என்பதால் அச்செலவு அவரைச் சேர்ந்தது.

பிழை வாடகைக்காரருடையதே என்று கொள்வோம். அப்போதும் தொகையை ஆராய வேண்டும். நான்கு மாபிள் உடைந்ததற்கு அறை முழுவதையும் புதிதாகப் பதித்துத் தருமாறு கேட்பது இழப்பை ஈடுசெய்வதாகாது; பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுவதாகும். பத்தாண்டு மிதிபட்ட தரைக்குப் பத்தாண்டுத் தரையின் மதிப்பே உண்டு. அன்றியும், ஒருவர் தர வேண்டிய கடனை மற்றவர் தர வேண்டியதில் கழிக்க, இரண்டும் திட்டமான தொகைகளாக இருத்தல் வேண்டும் என்பது இச்சட்டத்தின் பொது நெறி. முற்பணம் திட்டமான தொகை. திருத்தச் செலவு, ஒப்புக்கொள்ளப்படும்வரை, வெறும் கோரிக்கை. ஒப்பந்தம் வேறாகச் சொல்லியிருந்தாலொழிய, முற்பணம் கையில் இருப்பதனாலேயே உரிமையாளரின் கணக்கு மெய்யாகிவிடாது.

பேச்சு முறிந்தால் போகும் வழியும் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பணப்பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இன்றி நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்காது. காலவரையறையும் உண்டு: 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு 6 ஆண்டு, எழுதாததற்கு 3 ஆண்டு.

சபையின் முன் வெறுங்கையுடன் போகாதீர்கள். குடிபுகுந்த நாளில் எடுத்த படங்கள், மேசனின் எழுத்துமூலக் கருத்து, செலவை இனம் இனமாகக் காட்டுமாறு உரிமையாளருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். இனிமேல் இடம் எடுப்பவராயின், திறப்பை வாங்கும் அன்றே தரையின் நிலையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.