பெயர் சொல்லி அழைக்கிறவர்

(திருவண்ணாமலையில் பெற்றோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். ரமணாசிரமத்தில் எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். "நாம ஏம்மா அப்படி உட்கார்றதில்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அது அவங்க வழக்கம், நமக்கு செபம் இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் பாதிதான் சரி.

நம்முடைய செபத்திலும் மௌனம் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் துறவிகள் தனித்தனிக் குடிசைகளில் இருந்து செபித்தார்கள். திருப்பாடலின் ஒரு சிறு அடியை எடுத்துக்கொண்டு, அதையே மனதுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அவர்களில் சிலருடைய வழக்கம். ஜான் காசியன் என்ற துறவி அவர்களிடம் போய்க் கேட்டு, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதி வைத்தார். பிறகு மடங்களுக்கு வெளியே இருந்தவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துபோனார்கள்.

அதை மறுபடி எடுத்துக் கொடுத்ததில் ஒரு இந்து சுவாமிக்கும் பங்கு இருக்கிறது. 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தவர் ஜான் மெயின். கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நடத்திவந்த சுவாமி சத்தியானந்தாவிடம் தியானம் கற்கப் போனார். சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. நீ கிறிஸ்தவன், கிறிஸ்தவனாகவே தியானம் செய் என்றார். பின்னாளில் ஜான் மெயின் ஆசீர்வாதப்பர் (பெனடிக்டைன்) சபையில் சேர்ந்தபோது, அவருக்கு மேலிருந்தவர்கள் இதை விட்டுவிடச் சொன்னார்கள். கீழ்ப்படிந்து விட்டார். பல வருடம் கழித்து காசியனைப் படிக்கிறார்: மலாயாவில் கற்றது அங்கே இருக்கிறது! அவர் எடுத்துக்கொண்ட சொல் "மாரநாதா". ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் பவுலடியார் எழுதியது.

தயங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1989இல் வத்திக்கான் ஒரு மடல் வெளியிட்டு எச்சரித்தது: உட்காரும் முறையே செபம் ஆகிவிடாது; உடம்புக்குக் கிடைக்கிற நிம்மதியைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது. அதே மடல், பிற சமயங்களில் உள்ள நல்லதை ஒதுக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் மலையடிவாரத்துக்கே 1949 ஜனவரியில் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் வந்தார்கள். மோன்ஷானின் அடிகள், லெ சோ அடிகள். ரமணரை முதலில் பார்த்தபோது லெ சோவுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு இருவரும் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தா என்ற பெயரோடு லெ சோ 1952 முதல் விட்டு விட்டு இங்கே குகைகளில் தங்கினார். அவர் போன தூரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அத்வைதத்துக்கும் தம் விசுவாசத்துக்கும் நடுவில் பல ஆண்டுகள் தவித்தவர் அவர். அந்தத் தவிப்பு ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது சாமுவேலுக்குக் கிடைத்தது.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் சிறுவன் படுத்திருக்கிறான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஓடிப்போய் குரு ஏலியிடம் நிற்கிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் கிழவர். மூன்றாவது தடவை ஓடிவரும்போதுதான் கூப்பிடுவது யாரென்று அவருக்கே விளங்குகிறது. உடனே விளக்கவுரை நடத்தவில்லை. மறுபடி படுத்துக்கொள், மறுபடி கூப்பிட்டால் கேட்கிறேன் என்று சொல், அவ்வளவுதான். இந்த ஏலி தன் சொந்தப் பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர். இருந்தும் இந்தக் காரியத்தைச் சரியாகச் செய்தார். "நானே ஒழுங்கா செபிக்கிறதில்ல ஃபாதர், பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கிற அம்மாக்களுக்கு ஏலியைத்தான் காட்டுவேன்.

மாண்டிசோரி வகுப்புகளிலும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு மௌன விளையாட்டு உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில காலம். அந்த விளையாட்டில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியை பக்கத்து அறையிலிருந்து கிசுகிசுப்பாக ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். பெயரைக் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வரவேண்டும். அதட்டி வராத அமைதி அப்போது தானாக வரும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். டிவியை நிறுத்துங்கள். பிள்ளையைப் பாயில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் சமையலறை வாசலில் நின்று மெதுவாகப் பெயர் சொல்லுங்கள். சில நாள் இந்த விளையாட்டு மட்டும் போதும். பிறகு ஒருநாள், "இன்னிக்கு அம்மா கூப்பிடப்போறதில்ல, இயேசு நம்ம பக்கத்துல இருக்கார், அவர்கூட பேசாம உட்காரலாம்" என்று சொல்லி நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதுகு நேராக, கை மடியில். மா-ர-நா-தா என்று நான்கு அசையாக மனதுக்குள் சொல்லட்டும். அது வாயில் நுழையாவிட்டால் "இயேசுவே" போதும். கீழ்த்திசைத் திருச்சபைகள் அந்தப் பெயரையே பல நூற்றாண்டுகளாகச் செபமாக்கி வந்திருக்கின்றன.

எவ்வளவு நேரம்? ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தியானம் சொல்லித் தருகின்றன. வயதுக்கு ஒரு நிமிடம் என்பது அவர்களுடைய கணக்கு. ஐந்து வயதுக்கு ஐந்து நிமிடம். நம் வீடுகளில் முதலில் அதில் பாதி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஆட்டோ சத்தம், மேல்வீட்டில் மிக்ஸி. சத்தம் இருக்கட்டும், அதை அடக்குவது பிள்ளையின் வேலை இல்லை. நடுவில் "முடிஞ்சுதா?" என்று கேட்டால் சிரித்துவிட்டுத் தொடருங்கள். கண் மூடப் பயப்படுகிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்; ஒரு மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சில காரியங்களை மட்டும் செய்யவேண்டாம். குறும்பு செய்த பிள்ளையை "போய் தியானம் பண்ணு" என்று அனுப்பாதீர்கள். செபம் தண்டனை ஆகிவிடும். ஊரிலிருந்து சித்தி, மாமா வந்திருக்கும்போது செய்துகாட்டச் சொல்லாதீர்கள். முடிந்ததும் "இயேசு என்ன சொன்னார்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளை உங்களைச் சந்தோஷப்படுத்த ஏதாவது கட்டிச் சொல்லும். ஏலி காலையில் கேட்டாரே என்பீர்கள். கேட்டார்தான், சாமுவேல் சொல்லப் பயந்தான்; வந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே தண்டனை!

இன்னொன்று. ஞாபகசக்தி கூடும், மார்க் கூடும் என்று சொல்லித் தியானம் கற்றுக்கொடுக்கிற இடங்கள் பெருகிவிட்டன. கூடினால் கூடட்டும். ஆனால் மார்க்குக்காக உட்காரவைத்த பிள்ளை, பரீட்சை முடிந்ததும் எழுந்துபோய்விடும். ஆண்டவர் குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னபோது மார்க் போன்ற எந்தப் பலனையும் பேசவில்லை.

கடைசியாக, அப்பாக்களுக்கு. வீட்டுச் செபம் என்றால் அம்மா வேலை என்று விட்டுவிட்டு நீங்கள் செல்போனோடு திண்ணையில் உட்காருகிறீர்கள். பிள்ளை பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். இன்று இரவு செபமாலைக்கு முன்னால் போனை அலமாரியில் வையுங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் உட்காருங்கள். இரண்டு நிமிடம் போதும்.