நீலாம்பரியில் கிளம்பும் லாரி

இரவு பத்து மணிக்கு மேல் கணினியில் லாரி ஓட்டுகிறேன். ரோட்டர்டாமில் சரக்கேற்றி பிராகாவில் இறக்குகிற விளையாட்டு. நாமக்கல்லில் லாரி டிரைவரின் மகனாகப் பிறந்து, ஸ்டியரிங்கைத் தொடாமலேயே வங்கி வேலைக்குப் போனவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் இந்த ஆசை வந்திருக்கிறது. வண்டியில் பாட்டுக் கேட்க விளையாட்டுக்குள்ளேயே ஒரு பிளேயர் உண்டு. நம்மிடம் இருக்கும் பாட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டால் பாடும். 41 நாதஸ்வரப் பதிவுகளைப் போட்டு வைத்தேன்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. வரிசையை நாம் சொல்ல முடியாது; அதுவே கலைத்துப் போடும். நாதஸ்வரம் பொழுதோடு கட்டிய இசை. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. இங்கே வண்டியைக் கிளப்பும்போதே நீலாம்பரி. சாமி தூங்கிய பிறகு மல்லாரி. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி விரிந்துகொண்டிருக்கும்போது ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால், தோடி போய் அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். திரும்பப் போக வழியில்லை. மனசு வலிக்கும்.

பிறகுதான் கவனித்தேன். எந்த இரவு திறந்தாலும் முதலில் நீலாம்பரி. ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது இரவிலும் நீலாம்பரி, மல்லாரி, தோடி, அப்புறம் அதே வரிசை.

தங்கை மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். “கம்ப்யூட்டருக்குத் தானா குலுக்கத் தெரியாது மாமா. ஒரு எண்ணைக் குடுத்தா, அதுல இருந்து கணக்குப் போட்டு அடுத்தடுத்த எண்ணை எடுக்கும். அந்த முதல் எண்ணுக்கு சீட்னு பேரு. கடிகார நேரத்தை சீட்டா குடுத்தா ஒவ்வொரு தடவையும் வரிசை மாறும். இதுல எப்பவும் ஒரே எண்ணு போல” என்றான்.

சீட் என்றால் விதை. அன்றிரவு வண்டி ஓட்டவில்லை; அப்பாவின் நினைவாகவே இருந்தது.

1986இல் அப்பாவுக்கு பம்பாய் லோடு முறை வந்தது. எனக்குக் கடுமையான காய்ச்சல். அப்பா தன் நடையை நண்பரான ஒரு மாமாவுக்கு விட்டுக்கொடுத்தார். பெல்காமுக்கு அப்பால் வண்டி கவிழ்ந்தது. அந்த மாமா திரும்பி வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் “அவன் தலையில எழுதினது” என்றார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். எழுதியதுதான் என்றால் ஏன் தூக்கம் வரவில்லை? இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

எல்லாம் விதிப்படியே நடக்கும் என்ற ஆசீவக நெறியினரான, புத்தர் காலத்து மற்கலி கோசாலர், வீசிய நூற்கண்டு நூல் தீரும்வரை அவிழ்ந்தோடுவதுபோலத்தான் உயிர்களும் என்று சொன்னதாகப் பாலி மொழியின் தீக நிகாயத்தில் இருக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையிலும் ஆசீவகர் வந்து தம் கொள்கையைச் சொல்கிறார். என் பிளேயர் அந்த நூற்கண்டுதான். சைவ சித்தாந்தமும் வினையை விடுவதில்லை. ஆனால் சேர்த்து வைத்த பழவினை, இப்போது அனுபவிக்கும் நுகர்வினை என்பதோடு, இனி நாம் சேர்க்கிற ஏறுவினை என்று மூன்றாவதாக ஒன்றை வைக்கிறது. எனக்கு அந்த மூன்றாவதுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் ஃபோல்டரில் காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவு ஒன்றைச் சேர்த்தேன். 42. வண்டியைக் கிளப்பினால் பூபாளம் வந்தது! வரிசை முழுக்க மாறியிருந்தது. விதை அதேதான், எண்ணிக்கை மாறியதால் கணக்கு வேறு வழியில் போகிறது என்றான் பையன்.

நீ அந்தப் பாட்டைச் சேர்த்ததும் நூற்கண்டில் இருந்ததுதான் என்று கோசாலர் சொல்வார். தர்க்கத்தில் அவரை மடக்க என்னால் முடியாது. நான் நினைத்துக்கொள்வது வேறொன்றை. அந்த மாமா வீட்டுக்கு அப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்பினார். லோடு இல்லாத மாதங்களில் கடன் வாங்கி அனுப்பினார். மணியார்டர் ஃபாரத்தை என்னை நிரப்ப விடமாட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, பால்பாயிண்ட் பேனாவை அழுத்திப் பிடித்து, அந்தப் பெயரைத் தானே எழுதுவார். சாவை எழுதினது என்று சொன்ன மனிதர், பதினான்கு வருஷம் அனுப்பிய அந்தப் பணத்தை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.