முதுமையும் இசைவிழாவும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தொலைதூரத்து இசைவிழா ஒன்றுக்குப் புறப்பட்டால், அவரை நோக்கி எழும் முதல் வினா, "வீட்டிலிருந்தே கேட்டால் ஆகாதா?" என்பதுதான். வினா நியாயமானதே. இன்று கைப்பேசிக்குள் அரியக்குடியும் இருக்கிறார், எம். எஸ். சுப்புலட்சுமியும் இருக்கிறார். காஹாங் போன்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேண்டிய கீர்த்தனையை வேண்டிய நேரத்தில் கேட்கலாம்; பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். மூட்டுவலி உள்ளவர்க்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்? அப்படியிருக்க, மார்கழியில் சென்னைக்கும், தையில் திருவையாற்றுக்கும் போய்க் கூட்டத்தில் இடிபடுவது இசையார்வமா, அன்றி முதுமையை ஒப்புக்கொள்ள மறுக்கும் பிடிவாதமா?

விடை தேடுமுன் முதியவரின் செவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வயது ஏற ஏற மனிதச் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையே. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் தேய்கின்றன. தேய்ந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே அறுபது வயதினர் கேட்கும் தம்பூரா, இருபது வயதினர் கேட்கும் தம்பூரா அன்று. பேச்சிலும் உயிரொலிகள் நிற்க, மெய்யொலிகள் சில மங்கிவிடுகின்றன. கூட்ட இரைச்சலில் இக்குறை மேலும் மிகும். கடைசி வரிசை மாணவன் சொன்ன விடையைத் தலைமையாசிரியர் மறுமுறை சொல்லச் சொல்வது எப்போதும் கண்டிப்பின் பொருட்டு அன்று என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள்.

செவி விட்ட இடத்தை நிரப்புவது நினைவு. இங்கேதான் அறத்தின் சிக்கல் தொடங்குகிறது. முதியவர் கேட்பது பாதி, நினைத்துக்கொள்வது பாதி. மேடையில் ஒரு பெண் தோடியைத் தொடங்குகிறாள். இவரோ முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட தோடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சென்னை இசைவிழாவின் வரலாறு பலர் அறிந்தது. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அந்நகரில் கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. பின்னர்ச் சபைகள் பெருகின. இன்று ஒரே நாளில் காலை முதல் இரவு வரை பல அரங்குகளில் கச்சேரிகள் நிகழ்கின்றன. மாலை நேரத்துப் பெரும் வித்துவான்களுக்குச் சீட்டு வாங்க வேண்டும். நண்பகலில் பாடும் இளைஞர்களையோ பல சபைகளில் கட்டணமின்றிக் கேட்கலாம். அந்த நண்பகல் அரங்குக்குள் எட்டிப் பார்த்தால் தெரிவன பெரும்பாலும் நரைத்த தலைகளே. உழைக்கும் வயதினர் அலுவலகத்தில் இருக்க, ஓய்வு பெற்றவர்களே வளரும் கலைஞனுக்கு அவையாக அமைகிறார்கள். முதியோர் வீட்டில் இருந்துவிட்டால் அந்த இளைஞன் வெற்று நாற்காலிகளுக்குப் பாட வேண்டியதுதான்.

வீட்டில் இருந்தே கேட்கலாம் என்போர்க்கு என் விடையில் ஒரு பகுதி இதுவே. கைப்பேசி நாம் முன்பே விரும்பியதையே மீண்டும் மீண்டும் தருகிறது. பெயர் அறியாத ஒருவன் தன் முதல் வரியைப் பாடுகையில் எதிரே அமர்ந்திருக்கும் கடமையை அதனால் நிறைவேற்ற இயலாது.

ஆனால் எதிரே அமர்ந்தால் மட்டும் போதுமா? "செம்மங்குடியைக் கேட்ட காதுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்" என்று அருகிலிருப்பவரிடம் முணுமுணுக்கும் பெரியவரையும் அதே அரங்கில் காணலாம். ஒப்பிடாமல் சுவை வளராது என்று அவர் வாதிடக்கூடும். உண்மைதான், பாடாந்தரம் என்பதே நினைவின் காவல்தானே. எனினும், அண்ணனைப் போலத் தம்பி எழுதவில்லை என்று தம்பியின் தாளில் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை நாம் என்னென்போம்? முதலில் தம்பியின் தாளைப் படிக்க வேண்டும். செவி மங்கியவர்க்கு இக்கடமை இருமடங்கு. தம் குறையைப் பாடகியின் குறையாக எண்ணிவிடும் இடர் அவர்க்கே மிகுதி.

மிருதங்க வித்துவான் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் பலர் எழுந்து சிற்றுண்டிச்சாலையை நாடுவது சென்னைச் சபைகளின் நெடுங்கால வழக்கம். சர்க்கரை நோயாளி எழுந்து செல்வதில் பிழையில்லை. ஓரத்து நாற்காலியில் அமர்ந்தால் போதும். காபிக்காக எழுபவரை நான் மன்னிப்பதற்கில்லை.

திருவையாறு வேறு வகையான களம். தியாகராசர் 1847இல் காவிரிக்கரையில் மறைந்தார். ஆராதனை நாளன்று பந்தலில் வித்துவான்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். சூழ்ந்திருப்போரும் உடன் பாடுகிறார்கள். குரல் உடைந்தவரும் பாடலாம். யாருடைய குரல் என்று பிரித்தறிய இயலாது. பள்ளியில் எந்நாளும் முதல் வரிசையிலும் மேடையிலும் அமர்ந்து பழகியவர்க்கு, பெயரும் பதவியும் இன்றித் தரையில் ஒருவராக இருப்பது அரிய பயிற்சி.

தமிழாசிரியனுக்குத் தெலுங்குக் கீர்த்தனை விழாவில் என்ன வேலை என்று கேட்பார் உண்டு. அக்கேள்வியைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை. 1946ஆம் ஆண்டில் தண்டபாணி தேசிகர் அதே திருவையாற்றில் தமிழ்ப் பாட்டொன்றைப் பாடியதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர்த்தான், தமிழ்ப் பாடல்களுக்கு மேடை வேண்டிச் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டிருந்தது. மொழியால் மட்டும் அன்று, பாலாலும் அங்கே கதவடைப்பு நிகழ்ந்தது. தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பி 1925இல் குடமுழுக்குச் செய்வித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்; அவருடைய சொந்தப் பொருளே அக்கோயிலாயிற்று. ஆயினும் விழா நடத்திய ஆண்கள் கட்சிகள் இரண்டும் பெண்களைச் சமாதி முன் பாட விடவில்லை. அம்மையார் பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். 1940களின் தொடக்கத்தில்தான் கட்சிகள் ஒன்றாயின. இன்று அனைவரும் சேர்ந்து பாடும் காட்சி அதன் பின்னர் அமைந்ததே. அன்றுதொட்டு இப்படித்தான் என்று சொல்லும் பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய குரல்களின் நினைவை அரங்க வாயிலில் செருப்போடு கழற்றி வைக்கலாம் என்று மேலே சொன்னவற்றிலிருந்து ஒருவர் முடிவுகட்டக்கூடும். அநீதியின் நினைவை அவ்வாறு கழற்றி வைக்க என் மனம் ஒப்பவில்லை. இளையோர்க்கு 1946ஐப் பற்றியும் நாகரத்தினம்மாளைப் பற்றியும் சொல்ல முதியவர்தாம் இருக்கிறார்கள். சொல்வதற்கு ஏற்ற நேரம் பாட்டு நடக்கும் நேரம் அன்று. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் அதற்கு உண்டு.

அவ்வம்மையார் 1952இல் மறைந்தார். அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே இருக்கிறது. ஸ்ரீராகக் கீர்த்தனை முடிந்ததும் கூட்டம் கலைகிறது. மரத்துப்போன கால்களை நீட்டி மடக்கி, அறிமுகம் இல்லாதவர் தோளைப் பற்றிக்கொண்டு எழும் முதியோரிற் சிலர், வெளியேறும் வழியில் அந்நினைவிடத்தின் முன்னும் சற்று நிற்கின்றனர்.